வெறுந்தொட்டிலை ஆட்டவிடாத பொன்னாயி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் பெயர் குப்பாயி. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள், காத்திருக்கிறேன். முடிந்ததா? சரி.

சேலத்துப் பெரிய கோயிலில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் கச்சேரியிலும் உயிருள்ள ஒரு பிள்ளையைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுகிறார்களே, அந்த வழக்கத்தை யார் தொடங்கியது என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளைக்கார அம்மா என்பார் ஒருவர். வக்கீல் குடும்பம் என்பார் இன்னொருவர். அத்தனையும் புளுகு. தொடங்கியவள் என் அம்மா பொன்னாயி. அந்தக் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தவள். அவளுக்காகப் பேச நல்ல சட்டை போட்ட ஆள் ஒருவரும் முன்வரவில்லை, அதனால் நானே பேசுகிறேன்.

கோயில் சின்னக் கோயில் இல்லை. கருங்கல் சுவர், உள்ளே இரண்டு வரிசைத் தூண்கள், வாசலில் மணிக்கூண்டு. காலை மணி அடித்தால் செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் மூட்டை இறக்குகிறவனுக்கும் கேட்கும். கோயில் கட்டி ரொம்ப நாள் கழித்துத்தான் மணிக்கூண்டு எழுந்தது. அந்த வேலைக்குத் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து கல் சுமக்க வந்தவர் என் தாத்தா அங்கமுத்து. சாரத்தின் மேல் சுண்ணாம்புச் சட்டி தூக்கிக்கொண்டே ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டார். வேலை முடிந்து சாரத்தைப் பிரித்தபோது, உடைந்த பலகைகளை விறகுக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். எல்லோரும் அடுப்பில் வைத்தார்கள். தாத்தா மட்டும் அதில் நாலு பலகையைத் தேய்த்து, மூலைக்கு மூலை துளை போட்டுக் கயிறு கோர்த்து ஒரு தொட்டில் செய்தார். அப்போதுதான் பிறந்திருந்த என் அம்மாவை அதில் போட்டார். ஆக, அந்த மணிக்கூண்டு எழும்பின அதே மரத்தில் தூங்கி வளர்ந்தவள் பொன்னாயி. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயில் ரிஜிஸ்டரில் அவள் பெயர் மார்த்தாள். ஐயர், அதாவது எங்கள் சபைக் குரு, அப்படித்தான் கூப்பிடுவார். அம்மா திரும்பியே பார்க்க மாட்டாள். "மார்த்தாள்னு கூப்பிட்டா வேற யாரையோ கூப்பிடறாப்பல இருக்குதுங்க" என்பாள். இரண்டு மூன்று தரம் கூப்பிட்டுச் சலித்துப்போய் அவரும் பொன்னாயி என்று ஆரம்பித்துவிட்டார்.

கோயிலுக்குள் முன்பக்கம் பெஞ்சுகள். வக்கீல்கள், மிஷன் பள்ளி வாத்தியார்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாம் அங்கே. கடைசித் தூணுக்குப் பின்னால் கோரைப்பாய்கள். ஆற்றங்கரைத் தெருவிலிருந்து வருகிற எங்களுக்கு அதுதான் இடம். அப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சனிக்கிழமை முழுக்க அம்மா அந்தப் பெஞ்சுகளைத் துடைத்துப் பளபளவென்று வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை பாயில் போய் உட்காருவாள். துடைக்கலாம், உட்காரக்கூடாது. நல்ல கிறிஸ்தவம்!

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டும் தாத்தாவின் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள்தான். ஒன்று காய்ச்சலில் போனது, மற்றொன்று வயிற்றுப்போக்கில். முப்பத்தாறாம் வருஷம் நான் பிறந்தபோது அம்மா அழக்கூட இல்லையாம், பயந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாளாம். பக்கத்து வீட்டு அத்தாயிதான் ஆகவேண்டியதைச் செய்தாள். பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற வழக்கம் அது. என்னைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டுவிட்டு, தான் கண்டெடுத்த மாதிரி எடுத்து வந்து, ஒரு கை தவிட்டுக்கு என் அம்மாவிடமே விற்றுவிட்டாள். குப்பையில் கிடந்ததை எமன் சீண்ட மாட்டான் என்று கணக்கு. அதனால் குப்பாயி. ஐயர் அந்தப் பெயரில் ஞானஸ்நானம் தர முடியாது என்று ஒரே பிடிவாதம். கர்த்தரின் பிள்ளைக்குக் குப்பை என்றா பெயர் வைப்பது என்று கேட்டார். எஸ்தர் என்று தண்ணீர் தெளித்து அனுப்பினார். வாசற்படி இறங்கும்போதே அம்மா என்னைக் "குப்பாயி" என்று கூப்பிட்டுக் கொஞ்சியிருக்கிறாள், அவர் காதில் விழட்டும் என்று.

அந்த வருஷம் மிஷன் பங்களாவுக்குப் புதிதாக ஒரு வெள்ளைக்கார அம்மா வந்திருந்தார். நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன். பாட்டு என்றால் உயிர். கிறிஸ்துமஸ் கச்சேரி என்றால் அதுவரைக்கும் இங்கிலீஷ் பாட்டுதான். பெடல் ஆர்மோனியம் முன்னே, நாலு குரலில் பாடுகிற பாடகர் குழு பின்னே. ஏற்காட்டுத் தோட்டத்து வெள்ளைக்காரர்களும் ரயில்வே துரைகளும் வண்டி கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். இந்தத் தடவை தமிழில் ஒரு தாலாட்டும் வேண்டும், மரியாள் தொட்டில் ஆட்டுகிற காட்சியும் வேண்டும் என்று அந்த அம்மா ஆசைப்பட்டார். கச்சேரிப் பொறுப்பு வக்கீல் சின்னராஜ் கையில். சபை மூப்பர், பாடகர் குழுத் தலைவர், கமிட்டித் தலைவர், எல்லாம் அவரே. அவர் மகள் சாரதாமணி மரியாளாக உட்காருவது என்று முடிவானது.

கோயில் பெருக்குகிற நேரத்தில் அம்மா என் தொட்டிலைப் பின்பக்க வேப்பமரத்துக் கிளையில் கட்டி என்னைப் போட்டிருப்பாள். வெள்ளைக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"பொன்னாயி, இது எத்தனை அழகான தொட்டில்! பெத்லகேமில் இப்படித்தான் இருந்திருக்கும். கச்சேரிக்கு இதை எங்களுக்குத் தருவாயா?"

"அதுக்கென்னங்கம்மா, தாராளமா எடுத்துக்கங்க."

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டிலைக் கேட்டால் பிள்ளையோடுதானே கேட்பார்கள்? எங்கள் ஊரில் எவளும் அப்படித்தான் நினைப்பாள். பிள்ளை இல்லாத தொட்டிலை எவன் கேட்பான்? அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "என்ற புள்ள ஏசுசாமியாப் படுக்கப்போவுது. கச்சேரிக்கு அல்லாரும் வந்துருங்க." அத்தாயி தன் வீட்டு வெள்ளி அரைஞாணைக் கழற்றிக் கொடுத்தாள். அப்பா தீர்த்தகிரி மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவரும் சந்தையிலிருந்து வெள்ளைத் துணி வாங்கி வந்தார். ஒரு சட்டை தைத்தாயிற்று.

கச்சேரி அன்று மத்தியானம் அம்மா என்னை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, புதுச்சட்டை போட்டுக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பீடத்துக்கு முன்னால் மேடை போட்டு, மூங்கில் நிறுத்தித் தொட்டிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளைக்கார அம்மா அப்போது பங்களாவில் விருந்தாளிகளோடு இருந்தார். வக்கீல்தான் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

"புள்ளயத் தூக்கியாந்துட்டனுங்க" என்றாள் அம்மா.

"பிள்ளை எதற்கு?" என்றார் வக்கீல்.

தொட்டிலுக்குள் வெள்ளைத்துணி விரித்து, ஒரு பேட்டரி லைட்டை எரியவிட்டு வைத்திருந்தார்கள். உலகத்தின் ஒளி என்று அர்த்தமாம். வெளிச்சம் மரியாளின் முகத்தில் விழும், பார்க்கிறவர்களுக்கு மெய்சிலிர்க்கும் என்று வக்கீல் விளக்கினார்.

"அப்பறம் அந்தத் தொட்டில ஆட்டுவாங்களா?"

"ஆட்டாமல்? பாட்டு முழுக்கச் சாரதாமணி ஆட்டுவாள்."

அம்மா என்னை மார்போடு இறுக்கிக்கொண்டாள். வெறுந்தொட்டிலை ஆட்டினால் அந்தத் தொட்டில் பிள்ளைக்கு ஆகாது. இது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்காரி யாருக்கும் தெரியும். தெரியாமல் ஒரு சின்னது ஓடிவந்து தள்ளிவிட்டால்கூட ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்துவார்கள். இவர்களோ ஆயிரம் பேர் பார்க்க, பாட்டுப் பாடி ஆட்டப்போகிறார்கள்.

"வேண்டாமுங்க சாமி. இதுல படுத்த ரெண்டு புள்ளயப் பறிகொடுத்துட்டேன். இது ஒண்ணுதான் மிச்சம். புள்ளயப் போட்டு ஆட்டுங்க, இல்லீன்னா ஆட்டாம வெச்சிருங்க."

"மூடநம்பிக்கை!" என்றார் வக்கீல். "ஞானஸ்நானம் வாங்கி எத்தனை வருஷம் ஆகிறது உங்களுக்கு? இன்னும் தொட்டில், தவிடு, மைப்பொட்டு! அதுவும் துரைமார் முன்னால் இந்தப் பிள்ளையை… போ, போய் வேலையைப் பார்."

துரைமார் முன்னால் இந்தப் பிள்ளையை. அவர் முடிக்காமல் விட்டதை அம்மா முடித்துப் புரிந்துகொண்டாள். ஆற்றங்கரைத் தெருப் பிள்ளை, கருகருவென்று, பெயரோ குப்பாயி. இதைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் போடுவதாவது!

அம்மா வக்கீல் மனைவியைப் பார்த்தாள். அந்த அம்மாள் ஐந்து பெற்றவள், அவளுக்குத் தெரியாதா? தெரியும். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாடகர் குழுப் பெண்களுக்கும் தெரியும். படித்தவர்கள் இதையெல்லாம் நம்பக்கூடாதே, அதனால் வாயைத் திறக்கவில்லை.

"அப்ப என்ற தொட்டிலக் குடுத்துருங்க, நான் போறேன்."

"கச்சேரி முடிந்ததும் எடுத்துக்கொள்."

அம்மா வீட்டுக்கு வந்தாள். அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். பாவம், பயந்த மனுஷன்.

"உடு புள்ள. வக்கீலோட மோதுனா உன்ற வேலை போயிரும்."

"வேலை போனா மூட்டை தூக்கிக்கறேன். புள்ள போனா உங்க வக்கீலு பெத்துக் குடுப்பாரா?"

அப்பா வண்டி மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

சாயங்காலம் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் எரிய, கோயில் நிறைந்து வழிந்தது. ஆற்றங்கரைத் தெரு மொத்தமும் பாயில். எல்லோரும் என்னைப் பார்க்க வந்தவர்கள். அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தாள். இங்கிலீஷ் பாட்டுகள் முடிந்தன. திரை விலகியது. சாரதாமணி நீலப் புடவையில் மண்டி போட்டிருந்தாள். ஆர்மோனியம் மெல்ல எழும்பியது. அவள் தொட்டில் கயிற்றில் கை வைத்தாள்.

"ஆட்டாத சாமி!"

ஆர்மோனியம் நின்றுபோனது. அம்மா எழுந்துவிட்டாள். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பாயைத் தாண்டினாள், கடைசித் தூணைத் தாண்டினாள், பெஞ்சுகளுக்கு நடுவே விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் வெறுங்காலோடு நடந்தாள். கோயில் நிறைந்திருக்கும்போது அவள் அந்த வழியில் நடந்தது அதுதான் முதல் தடவை. பாதி வழியில் வக்கீல் குறுக்கே வந்து நின்றார்.

"எங்கே வருகிறாய்? திரும்பிப் போ!"

"நவுந்துக்கங்க சாமி. தொட்டிலு என்னுது. தொட்டில் வேணும், புள்ள வேண்டாமா? அதெந்த ஊரு நாயமுங்க?"

"கோயிலில் கத்தாதே!"

"நீங்க நவுந்தா நான் எதுக்குங்க கத்தறேன்?"

வக்கீல் நகரவில்லை. அவருக்குப் பின்னால், மேடையில், சாரதாமணி கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பதினேழு பதினெட்டு வயசுப் பெண். எல்லோரும் பார்க்க இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "நான் ஆட்ட மாட்டேன் அப்பா" என்றாள். முன்பெஞ்சுப் பட்டுப்புடவைகளுக்குள் இருந்து பெருமூச்சு கிளம்பியது. அத்தனை பேரும் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்!

அம்மா வக்கீலைச் சுற்றிக்கொண்டு மேடை ஏறினாள். தொட்டிலுக்குள் கை விட்டுப் பேட்டரி லைட்டை எடுத்து, பின்னாலேயே வந்த வக்கீலின் கையில் கொடுத்தாள். அவரும் எதற்கென்று தெரியாமல் வாங்கிக்கொண்டார். என்னைப் போட்டாள். நான் வீறிட்டேன். பாடகர் குழு எதைப் பாடுவதென்று தெரியாமல் முழித்தது. அம்மாவே பாடினாள், அவள் பாட்டை.

"ஆராரோ ஆரிரரோ,
ஆத்தங்கரைக் குப்பாயி,
சாரமரத் தொட்டிலிலே
சாமி வந்து தூங்குதம்மா."

பாயிலிருந்து அத்தாயி "ஆராரோ" எடுத்தாள். பிறகு பாய் முழுக்கப் பாடியது. சாரதாமணி கயிற்றைப் பிடித்து ஆட்டினாள். நான் அழுகையை நிறுத்தினேன். அதோடு விட்டேனா? சட்டையை நனைத்து, தொட்டிலை நனைத்து, பங்களாவிலிருந்து வந்திருந்த கம்பளத்தையும் நனைத்துவிட்டேன். சொட்டுச் சொட்டாக விழுந்ததாம். வெள்ளைக்கார அம்மாதான் முதலில் சிரித்தார். முன்வரிசைத் துரைகள் கைதட்டினார்கள். துரைகள் தட்டினால் மற்றவர்களும் தட்ட வேண்டுமல்லவா, தட்டினார்கள். வக்கீல் கையில் பேட்டரி லைட் எரிந்துகொண்டே இருந்தது.

இதற்கு மேல் நடந்தது கைதட்டல் விவகாரம் இல்லை. கச்சேரி முடிந்ததுமே தொட்டிலைக் கோயில் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். புது வருஷம் பிறந்ததும் கமிட்டி கூடியது. பொன்னாயி சபை முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கும்வரை வேலை இல்லை, திருவிருந்து இல்லை, தொட்டிலும் திரும்பக் கிடைக்காது. தொட்டிலைப் பிடித்து வைத்தால் இறங்கி வருவாள் என்று நினைத்தார்கள். வெள்ளைக்கார அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அதற்குள் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

"எதுக்குங்க மன்னிப்பு? என்ற புள்ளய என்ற தொட்டில்ல போட்டதுக்கா?" என்று கேட்டுவிட்டு அம்மா வந்துவிட்டாள். செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கப் போனாள். நான் பழைய சேலைத் தூளியில் தூங்கினேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவள் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. திருவிருந்து நேரத்தில் அப்பமும் ரசமும் அவளைத் தாண்டிப் போகும். அவள் தலை குனிய மாட்டாள். ஐயர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாவம், அவர்தான் குனிந்துகொள்வார்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு வேடிக்கையைப் பாருங்கள். பேட்டரி லைட் வைக்க எந்த முன்பெஞ்சுப் பெண்ணும் சம்மதிக்கவில்லை. பிள்ளைதான் வேண்டும் என்றார்கள். வக்கீல் என் தொட்டிலுக்கு வார்னிஷ் அடித்து, பித்தளை வளையம் மாட்டி, ஒரு டாக்டர் வீட்டுக் குழந்தையைப் போட்டார். அதற்கடுத்த வருஷம் வாத்தியார் வீட்டுக் குழந்தை. வழக்கம் நிலைத்துவிட்டது. வருஷா வருஷம் ஒரு பிள்ளை, வருஷா வருஷம் பெஞ்சுப் பிள்ளை. பாயிலிருந்து ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

எனக்கு விவரம் தெரிந்த வயசில் அம்மாவிடம் சண்டை போட்டேன். "நம்ம தொட்டில நீ போயிக் கேக்கோணும்" என்றேன்.

"ஆடட்டும் உடு. வெறுந்தொட்டிலா ஆட்டலீல்ல? எந்தப் புள்ள படுத்தா என்ன, புள்ள புள்ளதான்" என்பாள். அவளுக்கு அந்தப் பெருந்தன்மை இருந்தது. எனக்குக் கிடையாது, இப்போதும் கிடையாது.

நாற்பத்தாறாம் வருஷம் கோயிலுக்கு ஜூபிலி வந்தது. எழுபத்தைந்து வருஷம். டிசம்பர் முதல் ஞாயிறு, தோரணம், புதுச் சுண்ணாம்பு, வெளியூர் ஐயர்மார். வக்கீல் சின்னராஜ் கோயில் வரலாற்றை எழுதி, பிரசங்க பீடத்தில் ஏறி வாசித்தார். தொட்டிலைப் பூச்சுற்றிப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருந்தார்கள். எந்தத் துரை அஸ்திவாரம் போட்டார், எந்தத் துரை மணி அனுப்பினார், எல்லாம் வந்தது. மணிக்கூண்டுக்குக் கல் சுமந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா அதற்கும் பேசாமல்தான் இருந்தாள். பிறகு இது வந்தது.

"நமது ஆலயத்தின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் தொட்டில், எளியேனின் குடும்பத்தார் அன்போடு அளித்த காணிக்கையாகும். உயிருள்ள குழந்தையை அதில் கிடத்தும் வழக்கமும், எளியேனின் யோசனையின்படி…"

"பொய்யிங்க!"

பத்து வருஷம் கழித்து அதே குரல், அதே தூணோரத்திலிருந்து. நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

"தொட்டில வெச்சுக்கிட்டீங்க, பொறுத்துக்கிட்டேன். இப்பப் பேரையும் வெச்சுக்கப் பாக்கறீங்களா? எங்கப்பன் இந்த மணிக்கூண்டுச் சாரத்துப் பலகையில செஞ்சதுங்க அது. வார்னீசு அடிச்சா உங்களுதாயிருமா?"

"யாராவது அந்தப் பெண்ணை வெளியே அனுப்புங்கள்" என்றார் வக்கீல்.

யாரும் அசையவில்லை. அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். தெரிந்தும் வழக்கம்போல வாயில் கொழுக்கட்டை. அப்போது முன்பெஞ்சில் சாரதாமணி எழுந்தாள். கல்யாணமாகி, கையில் நாலு மாதக் குழந்தை. இந்த வருஷம் தொட்டிலுக்கு முறை அந்தக் குழந்தைக்குத்தான்.

"அப்பா, அது பொன்னாயி தொட்டில்தான். நான்தானே அன்றைக்கு மேடையில் இருந்தேன்?"

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். அதில் என்ன தேடினாரோ! அம்மா இந்தத் தடவை அவசரப்படவில்லை, நிதானமாக நடந்தாள். பூவைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தாள், பூ அவளுடையது இல்லையே. பித்தளை வளையங்களைக் கழற்றிப் பிரசங்க பீடத்துப் படியில் வைத்தாள், அதுவும் அவளுடையது இல்லை. தொட்டிலை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். எங்கள் தெரு மொத்தமும் பாயைவிட்டு எழுந்து பின்னாலேயே வந்தது. அப்பாதான் எல்லோருக்கும் முன்னால் நடந்தார். அந்தப் பயந்த மனுஷனுக்கு அன்றைக்கு என்ன வந்ததோ, கூட்டத்தை விலக்கிவிட்டுக்கொண்டே போனார்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. கோயிலில் தொட்டில் இல்லை. தச்சனிடம் புதிதாக ஒன்று செய்துவிடலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். சாரதாமணி, என் பிள்ளையைப் பொன்னாயி தொட்டிலில்தான் போடுவேன், இல்லாவிட்டால் போடவே மாட்டேன் என்றுவிட்டாள். மற்ற தாய்மார்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் ஒரு நாள் காலையில் வக்கீலே எங்கள் தெருவுக்கு நடந்து வந்தார். அவர் ஆற்றைத் தாண்டி அதற்கு முன்னால் வந்ததே இல்லை. வாசலில் நின்றுகொண்டு, "பொன்னாயி, தொட்டில் வேண்டும்" என்றார்.

"உக்காருங்க சாமி" என்று அம்மா பாயை எடுத்துப் போட்டாள். வேறு என்ன இருக்கிறது எங்களிடம்? அவர் சுற்றிப் பார்த்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்.

"தாரனுங்க. நீங்க போட்ட திருவிருந்துத் தடையப் பத்தியும் கேக்கல, வேலையும் கேக்கல. ஒண்ணே ஒண்ணு. கச்சேரி அன்னிக்குத் தொட்டில ஆட்டறதுக்கு முன்னால, நீங்க பிரசங்க பீடத்துல நின்னு சொல்லோணும். இது பொன்னாயி தொட்டிலு, இதுல மொதமொதல்ல ஏசுசாமியாப் படுத்த புள்ள பேரு குப்பாயின்னு. அவ்வளவுதானுங்க."

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு அவரையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

"எஸ்தர் என்று சொல்கிறேனே? ரிஜிஸ்டரில் அதுதானே இருக்கிறது?"

"எஸ்தரா? அது யாருங்க?" என்றாள் அம்மா.

"பொன்னாயி, பிரசங்க பீடத்தில் நின்று குப்பாயி என்று எப்படி…"

"ஏசுசாமி மாட்டுக்கொட்டாய்லதானுங்களே பொறந்தாரு? அங்க குப்பை கெடக்காமயா இருந்திருக்கும்? அவருக்கே அது ஆகும்போது உங்களுக்கென்னங்க?"

அவர் பாயிலிருந்து ஒரு கோரையைப் பிய்த்தார். பிறகு சரி என்று எழுந்து போனார். அப்பா தொட்டிலை வண்டியில் ஏற்றிக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கச்சேரி அன்று கோயிலில் மூச்சுவிட இடமில்லை. நான் அம்மாவோடு பாயில் இருந்தேன். பாட்டுகள் முடிந்தன. சாரதாமணி தன் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடிக்காமல் அப்பாவைப் பார்த்தாள். வக்கீல் பிரசங்க பீடத்தில் ஏறினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இந்தத் தொட்டில், நமது சபையைச் சேர்ந்த பொன்னாயியுடையது. அவள் தகப்பன் அங்கமுத்து செய்தது. இதில் முதன்முதலில் கிடத்தப்பட்ட குழந்தையின் பெயர்…"

மறுபடி கனைத்தார். வாய்க்குள்ளேயே என்னமோ சொன்னார். முன்பெஞ்சுக்காவது கேட்டதோ என்னவோ.

அம்மா எழுந்து நின்றாள்.

"கேக்கலீங்க! பாய்ல இருக்கறவங்களுக்குக் கேக்கல. இன்னொருக்காச் சொல்லுங்க."

சாரதாமணி இன்னும் கயிற்றைத் தொடவில்லை. தொட்டில் அசையாமல் தொங்கியது. வக்கீல் இரண்டு கையாலும் பீடத்தைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, கோர்ட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

"குப்பாயி!"

தாத்தா கல் சுமந்த மணிக்கூண்டு வரைக்கும் அந்தப் பெயர் கேட்டது. தொட்டில் ஆட ஆரம்பித்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்திரி சாமி. உன்னயத்தான் கூப்பிடறாங்க."